பதின்ம வயதுப் பிள்ளை ஜக்கெற் போட மறுத்தால்: வாசல் சண்டையை நிறுத்தும் வழி

காலை 7.35. வெளியே மைனஸ் 14. மகன் ஹூடியோடு வாசலில் நிற்கிறான், கைகள் இரண்டும் முன் பொக்கற்றுக்குள். நான் ஜக்கெற்றை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். "போட்டுக்கொண்டு போ." "எனக்குக் குளிரேல்லை அம்மா." பின்னால் அம்மம்மா, "ஐயோ, பிள்ளை விறைச்சுப் போகப்போகுது." கதவு அடித்துச் சாத்தப்படும். ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் எங்கள் வீட்டில் இரண்டு குளிர்காலம் முழுக்க இதுதான் நடந்தது. மூன்றாவது குளிர்காலத்தில் அது நின்றது. மகன் ஒவ்வொரு நாளும் ஜக்கெற் போடத் தொடங்கிவிட்டான் என்று சொல்லமாட்டேன். போடவேண்டிய நாளில் போடுகிறான், மற்ற நாட்களில் நான் வாய் திறப்பதில்லை. அந்த இடத்துக்கு எப்படி வந்தோம் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ரொறன்ரோவை வைத்து எழுதினாலும், மொன்றியலிலோ ஒஸ்லோவிலோ இருப்பவர்கள் எண்களை மட்டும் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் மனதை மாற்றும் இடம் வாசல் கிடையாது. பஸ் வரப்போகிறது, எல்லோருக்கும் அவசரம், ஒருவர் மட்டும்தான் வெல்லலாம் என்ற நிலை. அந்த முடிவை வாசலிலிருந்து கழற்றி வேறு நாளுக்கும் வேறு இடத்துக்கும் கொண்டுபோவதுதான் இந்த வழிகாட்டி முழுவதும்.

முதல் படி: குளிரை எண்ணால் அளக்கப் பழகுங்கள்

யாழ்ப்பாணத்தில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. மார்கழிப் பனிக்குத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு திரிந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். பிள்ளை இங்கே பிறந்து வளர்ந்தவன். மைனஸ் 3 அவனுக்கு ஒரு சாதாரண நாள். அதோடு, வேகமாக நடக்கும்போது தசைகள் நிறையச் சூட்டை உண்டாக்கும்; வளர்ந்த உடம்பு சின்னப் பிள்ளையின் உடம்பைப்போல் சீக்கிரம் சூட்டை இழக்காது. ஆறு நிமிடம் நடந்து பஸ்ஸில் ஏறுகிறவன் "குளிரேல்லை" என்றால், பெரும்பாலும் அவன் உண்மையைத்தான் சொல்கிறான். இதை நான் ஒத்துக்கொள்ள இரண்டு வருடம் எடுத்தது. ஒத்துக்கொண்ட பிறகுதான் அவன் என் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினான்.

அப்போ எதற்குப் பயப்படவேண்டும்? விண்ட்சில் எண்ணுக்கு, அதாவது காற்றும் சேரும்போது தோலுக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்று சொல்லும் எண்ணுக்கு. எங்கள் தோலைச் சுற்றி உடம்பே சூடாக்கிய மெல்லிய காற்றுப் படலம் ஒன்று இருக்கிறது. காற்று அடிக்கும்போது அந்தப் படலம் அடித்துக்கொண்டு போய்விடும், தோல் மளமளவென்று சூட்டை இழக்கும். வெப்பநிலை மைனஸ் 10 ஆக இருந்து, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால் விண்ட்சில் மைனஸ் 20. மைனஸ் 15 இல் 20 கிலோமீற்றர் காற்று என்றால் மைனஸ் 24. கனடாவும் அமெரிக்காவும் இப்போது பயன்படுத்தும் கணக்கு 2001 இல் நடைமுறைக்கு வந்தது. அது மூடாத முகத்தை வைத்துப் போட்ட கணக்கு.

கனடா அரசின் காலநிலைத் துறையான என்வயர்மென்ற் கனடாவின் எச்சரிக்கை அளவுகளைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. விண்ட்சில் மைனஸ் 10 வரை அசௌகரியம் மட்டும்தான். அதற்குக் கீழே மைனஸ் 27 வரை, போதிய உடுப்பில்லாமல் நீண்ட நேரம் நின்றால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மைனஸ் 28 இலிருந்து 39 வரை, மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40 இலிருந்து 47 வரை 5 முதல் 10 நிமிடம்தான், அதற்கும் கீழே போனால் இன்னும் குறைவு. மைனஸ் 28 ஐத் தொடும் நாட்கள் ரொறன்ரோவில் ஒரு குளிர்காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வினிபெக்கிலும் எட்மன்ரனிலும் இருப்பவர்கள் அப்படி நினைக்கமுடியாது.

இந்த எண்களைப் பார்த்தவுடன் ஒன்று விளங்கும். நாங்கள் சண்டை பிடித்த நாட்களில் பெரும்பாலானவை சண்டை பிடிக்கத் தேவையில்லாத நாட்கள். உண்மையான ஆபத்து, நடக்கும்போது வருவதைவிட நிற்கும்போது வருவதுதான் அதிகம்: பஸ் இருபது நிமிடம் பிந்தும், திறப்பை மறந்து வீட்டு வாசலில் நிற்கவேண்டி வரும், பாடம் நடக்கும்போது தீயணைப்பு மணி அடித்து எல்லோரையும் இருந்தபடியே வெளியே அனுப்புவார்கள். பிள்ளையோடு பேசும்போது "குளிரும்" என்ற சொல்லை விட்டுவிட்டு, "நிற்கவேண்டி வந்தால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அது அவன் யோசித்துப் பார்க்காத கேள்வி.

இரண்டாவது படி: ஏன் போடவில்லை என்று உண்மையாகவே விசாரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் மற்றவை ஒன்றும் சரிவராது.

கேட்கும் இடம் முக்கியம். எங்கள் வீட்டில் காரில்தான் கதை வெளியே வந்தது. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம், முகத்துக்கு முகம் பார்க்கத் தேவையில்லை. "ஏன் போடுறாய் இல்லை?" என்று கேட்காதீர்கள், அது குற்றப்பத்திரிகை. "பள்ளிக்கூடத்தில ஜக்கெற்றை எங்க வைக்கிறது?" என்று கேளுங்கள். நான் அதைக் கேட்டபோது மகன் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான்.

லொக்கர் இரண்டாம் மாடியில் ஒரு மூலையில். அவனுடைய முதல் பாடம் கீழே மறுபக்கத்தில். மணிக்கு முன் அங்கே போய்ப் பூட்டைத் திறந்து, வீங்கிய ஜக்கெற்றை ஒடுங்கிய பெட்டிக்குள் அமுக்கி, கதவைச் சாத்தி ஓடிவர நேரம் போதாது. அதனால் முழுநாளும் கையில் தூக்கிக்கொண்டு திரியவேண்டும், கதிரையின் பின்னால் கொழுவினால் நிலத்தில் விழும். பஸ்ஸிலோ சூடு ஊதிக்கொண்டே இருக்கும், சனம் நெருக்கும், வியர்க்கும். இவ்வளவும் எனக்குத் தெரியாது. நான் அவன் ஸ்ரைல் காட்டுகிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகளின் காரணம் வேறு. அவள் சொல்லவே மாட்டேன் என்றாள். பிறகு ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்: "ஜக்கெற் மணக்குது அம்மா."

இதைக் கொஞ்சம் விரித்து எழுதவேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகள் பலவற்றில் இது இருக்கிறது, ஒருவரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் ஜக்கெற்றுகள் கொழுவும் அலுமாரி குசினிக்குப் பக்கத்தில். வெங்காயம் வதக்குவது, மீன் பொரிப்பது, தாளிப்பது எல்லாம் அந்தப் பஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிடும். குளிர்காலத்தில் யன்னலும் திறப்பதில்லை. எங்களுக்கு அந்த வாசம் தெரியாது, மூக்குப் பழகிவிட்டது. வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியும். மகளிடம் ஒரு பிள்ளை ஏதோ கேட்டிருக்கிறாள், சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவள் அந்த ஜக்கெற்றைத் தொடவில்லை. எங்கள் சாப்பாட்டைப் பற்றி அவள் வெட்கப்படக்கூடாது என்று அவளோடு பேசினோம், பேசவும் வேண்டும். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை வகுப்பில் தனியாக அந்தப் போராட்டத்தை நடத்தவேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. ஜக்கெற்றுகளை மேல்மாடி அறைக்கு மாற்றினோம். சமைக்கும்போது அறைக்கதவுகள் சாத்தியிருக்கும், அடுப்புக்கு மேலே உள்ள காற்றாடி சமைத்து முடிந்த பிறகும் கால் மணித்தியாலம் ஓடும். மாதம் ஒருமுறை ஜக்கெற்றைக் கராஜில் ஓர் இரவு கொழுவிவிடுவோம். பிரச்சினை முடிந்தது. இரண்டு வருடம் நான் குளிரைப் பற்றிப் பிரசங்கம் வைத்த விஷயத்துக்கு மருந்து ஓர் அலுமாரியை மாற்றுவதாக இருந்தது.

உங்கள் வீட்டில் வேறு காரணம் இருக்கலாம். கை கட்டையாகிவிட்டதைப் பிள்ளை சொல்லாமல் இருக்கலாம், காசு செலவாகும் என்று எங்களுக்காக யோசிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். கழுத்துப்பட்டி உரஞ்சலாம். அண்ணன் போட்ட ஜக்கெற் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். பெண்பிள்ளைகளிடம் இன்னொன்றும் உண்டு: பஞ்சு ஜக்கெற் உடம்பைப் பெருப்பித்துக் காட்டும். கொண்டாட்டங்களில் "என்ன பிள்ளை, கொழுத்துப்போனாய்" என்று ஒரு மாமியோ பெரியம்மாவோ சொன்ன சொல் எத்தனை மாதம் கழித்தும் உள்ளே இருக்கும். அப்படியான பிள்ளையிடம் "நீ அதில வடிவாத்தான் இருக்கிறாய்" என்பதால் பயனில்லை. இடுப்பில் ஒடுங்கும் வெட்டு, மெல்லிய உறை, நீளமான கோட், இப்படி வேறு வடிவங்களை அவளே போட்டுப் பார்க்க விடுங்கள்.

மூன்றாவது படி: ஜக்கெற்றைப் பிள்ளை தெரிவுசெய்யட்டும், தொகையை நீங்கள் தெரிவுசெய்யுங்கள்

நாங்கள் வாங்கிக்கொண்டு வந்து கொடுக்கும் ஜக்கெற் எங்களுடையது. அவர்கள் எடுத்தது அவர்களுடையது. இதில் இரண்டாம் பேச்சுக்கே இடமில்லை என்பது என் எண்ணம். நீங்கள் செய்யவேண்டியது கடைக்குப் போகமுதல் ஒரு தொகையைச் சொல்லி, அதில் உறுதியாக நிற்பது. அத்தோடு மூன்று நிபந்தனைகள்: காற்றுப் புகக்கூடாது, தொப்பி சேர்ந்திருக்கவேண்டும், பொக்கற்றுக்குச் சிப் இருக்கவேண்டும். நிறம், நீளம், பெயர் எல்லாம் அவர்கள் பாடு.

பெயர் என்றவுடன் கனடா கூஸ் வரும். 1957 இல் இதே ரொறன்ரோவில் தொடங்கிய நிறுவனம் அது, அதன் பெரிய ஜக்கெற்றுகள் ஆயிரம் டொலரைத் தாண்டும். பிள்ளை கேட்பதில் பிழை இல்லை. பள்ளிக்கூடத்தில் உடுப்பின் பெயர் எவ்வளவு பாரமானது என்பதற்கு ஓர் உதாரணம்: 2018 இல் இங்கிலாந்தில் பேர்க்கன்ஹெட் என்ற ஊரில் உள்ள வூட்சேர்ச் உயர்நிலைப் பள்ளி, கனடா கூஸ், மொங்க்ளேர் போன்ற விலையுயர்ந்த கோட்டுகளை மாணவர்கள் போட்டுவரக் கூடாது என்று அறிவித்தது. வாங்க வசதியில்லாத பிள்ளைகள் குறுகிப்போகக்கூடாது என்பதே காரணம். ஆகவே "பெயரில என்ன இருக்கு" என்று தட்டிக்கழிக்காதீர்கள். "எங்களால் 180 டொலர் தரமுடியும். மிச்சத்தை நீ வேலை செய்து சேர்க்கலாம், அல்லது பழைய உடுப்புக் கடையில் தேடலாம்" என்று நேராகச் சொல்லுங்கள். வலியூ வில்லேஜ் என்ற பழைய உடுப்புக் கடையில் நல்ல பெயருள்ள ஜக்கெற்றுகள் கிடைத்த நாட்கள் எங்களுக்கு உண்டு. சிப்பையும் கைவிளிம்பையும் பார்த்து எடுங்கள். பழைய உடுப்புத் தேடுவதே இப்போது இளம் பிள்ளைகளுக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

பஞ்சைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். இறகுப் பஞ்சு பாரம் குறைவு, சூடு அதிகம், சுருட்டி அமுக்கலாம். நனைந்தால் மட்டும் கட்டியாகிச் சூட்டை விட்டுவிடும். செயற்கைப் பஞ்சு கொஞ்சம் பருமன், ஆனால் ஈரத்திலும் ஓரளவு வேலை செய்யும், விலையும் குறைவு, மெஷினில் பயமில்லாமல் தோய்க்கலாம். ரொறன்ரோவின் குளிர்காலம் பாதி நாள் ஈரப்பனியும் மழையும்தான். மேல்துணி தண்ணீர் தாங்காத மலிவான இறகு ஜக்கெற்றைவிடச் செயற்கைப் பஞ்சே இங்கே மேல் என்பேன். லேபிளில் "மைனஸ் 30 வரை" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். ஜக்கெற்றுகளுக்கு எல்லா நிறுவனமும் பின்பற்றும் ஒரே அளவுகோல் கிடையாது.

லொக்கர்தான் பிரச்சினை என்றால் தடித்த ஜக்கெற் வாங்குவது காசுக்கு நட்டம். சுருட்டினால் தன் பைக்குள்ளேயே அடங்கும் மெல்லிய இறகு ஜக்கெற் ஒன்றை எடுங்கள், யூனிக்ளோ போன்ற கடைகளில் இருக்கிறது. அதை ஹூடிக்கு மேலே போட்டு, அதற்கு மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய உறை ஒன்று. புத்தகப்பைக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தலின் இடம்தான் பிடிக்கும். மகனுக்கு நாங்கள் கடைசியில் கண்டுபிடித்த தீர்வு இதுதான்.

விலையில் ஒரு குறிப்பு. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 13 வீதம் வரி. ஆனால் சிறுவர் உடுப்புக்கு, பெண்பிள்ளைகளின் 16 ஆம் அளவு வரையும் ஆண்பிள்ளைகளின் 20 ஆம் அளவு வரையும், 5 வீதம்தான் எடுப்பார்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு இந்த அளவு இன்னும் பொருந்தும். 200 டொலர் ஜக்கெற்றில் 16 டொலர் மிச்சம், அதில் நல்ல கையுறை ஒன்று வாங்கலாம். விருப்பமானதைத் தெரிவுசெய்ய ஐப்பசி மாதமே கடைக்குப் போங்கள். விலை இறங்கும் வரை காத்திருக்க முடியுமென்றால் டிசம்பர் 26 பொக்சிங் டேக்குப் பிறகு போங்கள், அளவுகள் குறைவாகத்தான் இருக்கும். வாங்கவே முடியாத நிலை என்றால் தயங்கவேண்டாம், 211 ஐ அழைத்தால் உங்கள் பகுதியில் குளிர்கால உடுப்பு கொடுக்கும் இடங்களைச் சொல்வார்கள்.

நான்காவது படி: ஜக்கெற்றுக்கு முன் தொப்பியும் கையுறையும்

நாங்கள் பெரிய ஜக்கெற்றுக்காகச் சண்டை பிடித்து, சின்னப் பொருட்களை மறந்துவிடுகிறோம். குளிர் கூடும்போது உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காகக் கை, கால், காது, மூக்குப் பக்கம் போகும் இரத்தத்தைக் குறைத்துவிடும். அதனால் முதலில் உறைவது காது மடலும் விரல் நுனியும் மூக்கும்தான். தலை வழியாகத்தான் உடம்புச் சூட்டில் பாதி போகிறது என்று சொல்வார்கள், அது சரியில்லை. தலை உடம்பின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், சூடும் ஏறக்குறைய அந்தப் பங்குக்குத்தான் போகும். தொப்பி போடச் சொல்வதற்குச் சரியான காரணம் காது.

ஜக்கெற்றுக்கு மறுக்கும் பிள்ளை பீனி எனப்படும், தலையோடு ஒட்டிய பின்னல் தொப்பிக்குப் பெரும்பாலும் மறுக்காது. அது அவர்களுடைய நாகரிகத்தில் இருக்கிறது. காதை மூடும் பெரிய ஹெட்போனும் உதவும், ரோட்டைக் கடக்கும்போது கழற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு. கையுறை தொலையும், அதைத் தடுக்கமுடியாது. ஐந்து சோடி மலிவாக வாங்கி ஹூடிக்குள் ஒன்று, பைக்குள் ஒன்று, லொக்கரில் ஒன்று என்று போட்டுவிடுங்கள். போன் திரையில் வேலை செய்யும் கையுறையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் மெசேஜ் போடுவதற்காகவே கழற்றிவிடுவார்கள்.

ஹூடிதான் வேண்டும் என்று நின்றால், உள்ளே என்ன போடுகிறார்கள் என்பதில் கவனம் வையுங்கள். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பொலியெஸ்ரர் கலந்த மெல்லிய உள்ளாடை, அல்லது மெரினோக் கம்பளி, ஈரத்தை வெளியே தள்ளும். உள்ளே போடுவது ஒருவருக்கும் தெரியாது. அதனால் பிள்ளைகளும் லேசில் சம்மதிப்பார்கள்.

ஐந்தாவது படி: ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தம்

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், எல்லோரும் சாப்பிட்டு ஆறுதலாக இருக்கும்போது இதைச் செய்யுங்கள். மேசையில் விண்ட்சில் எண்களை வைத்து, எந்த எண்ணுக்கு என்ன என்று பிள்ளையே சொல்லட்டும். எங்கள் வீட்டில் வந்த முடிவு இது.

விண்ட்சில் மைனஸ் 10 வரை: முழுக்க அவன் விருப்பம். ஒரு சொல்லும் சொல்லமாட்டோம், முகத்திலும் காட்டமாட்டோம்.

மைனஸ் 10 முதல் 20 வரை: மெல்லிய ஜக்கெற் பைக்குள் கட்டாயம் இருக்கும், போடுவதும் விடுவதும் அவன் பாடு. தொப்பியும் கையுறையும் பொக்கற்றில்.

மைனஸ் 20 க்குக் கீழே: போட்டுக்கொண்டுதான் வெளியே போவது.

மைனஸ் 28 அல்லது அதற்கும் கீழே: ஜக்கெற், தொப்பி, கையுறை, முகத்துக்குத் துணி எல்லாம். முடிந்தால் நான் காரில் இறக்குவேன். அன்றைக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

முதலில் அவன் மைனஸ் 25 என்றான், நான் மைனஸ் 15 என்றேன், 20 இல் முடிந்தது. இந்தப் பேரம் நடந்தாகவேண்டும். தான் பேசி எடுத்த எண்ணை அவன் மதிக்கிறான். காலையில் போனில் விண்ட்சில் பார்ப்பதும் அவன் பொறுப்பு. காலையை மட்டும் பார்க்காமல் பின்னேரம் 3 மணிக்கு என்ன என்றும் பார்க்கச் சொல்லுங்கள், மதியம் காற்று மாறி பத்துப் பாகை இறங்கும் நாட்கள் இங்கே உண்டு.

மீறினால்? இதற்குத் தொடர்புள்ள விளைவாக இருக்கட்டும். போனைப் பறிப்பது சண்டையை வேறு திசைக்குக் கொண்டுபோகும். எங்கள் வீட்டில் மைனஸ் 20 நாளில் போடாமல் போனால், அடுத்த மூன்று பள்ளி நாளும் நான் தீர்மானிப்பேன் என்பது ஒப்பந்தம். ஒரே ஒருமுறைதான் அதைப் பயன்படுத்தவேண்டி வந்தது.

அப்புறம், மைனஸ் 6 இல் ஹூடியோடு போய் நடுங்கிக்கொண்டு வந்தால் வாயை மூடிக்கொண்டு இருங்கள். "நான் அப்பவே சொன்னனான்" என்ற ஒரு வசனம் அவ்வளவு வேலையையும் கெடுத்துவிடும். இஞ்சி போட்டு ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுங்கள். உடம்பு சொல்லிக் கொடுத்த பாடத்தை அவன் தானாகவே படித்துக்கொள்வான். மறந்துபோன ஜக்கெற்றைக் காரில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட அலுவலகத்தில் கொடுக்கும் வேலையையும் நிறுத்துங்கள், கடுங்குளிர் நாளைத் தவிர.

ஆறாவது படி: வாசலில் என்ன சொல்வது

எண்ணை மட்டும். "இண்டைக்கு மைனஸ் 17, பின்னேரம் காற்று இருக்காம்." அவ்வளவுதான், பிறகு சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்து அனுப்புங்கள்.

"தடிமன் பிடிக்கும்" என்று சொல்லவேண்டாம். தடிமன் வைரசால் வருவது என்று அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டார்கள். அதைச் சொன்ன நிமிடத்தில் நாங்கள் சொல்லும் மற்ற உண்மைகளுக்கும் மதிப்புப் போய்விடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காட்டுவதும் வேண்டாம், அந்தப் பிள்ளை மூலையைத் திரும்பியவுடன் கழற்றிப் பைக்குள் வைப்பதை எங்கள் பிள்ளை பார்த்திருக்கும்.

அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் இதை முன்கூட்டியே விளக்கிச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது கவலை, அதிகாரம் காட்டுவது அல்ல. என் அம்மாவிடம் எண்களைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக் கொடுத்தேன். இப்போது அவர்தான் காலையில் முதலில் எழும்பி தமிழ் வானொலியில் காலநிலை கேட்டு, "தம்பி, இண்டைக்குப் பன்னிரண்டுதானாம், உன்ர விருப்பம்" என்று சொல்கிறார். அவன் சிரித்துக்கொண்டு, சில நாள் அவருக்காகவே போட்டுக்கொண்டு போகிறான்.

கவனிக்கவேண்டிய வேறு சில

மார்கழியில் ரொறன்ரோவில் 4.40 அளவில் சூரியன் மறைந்துவிடும். பிள்ளைகள் எடுப்பது எல்லாம் கறுப்பு. பையின் பின்பக்கத்திலும் கைவிளிம்பிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி ஒன்றை ஒட்டிவிடுங்கள். விறைப்பதைவிட வாகனம் அடிப்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

பிள்ளை திடீரென்று ஜக்கெற் இல்லாமல் வீட்டுக்கு வந்தால் முதலில் ஏசவேண்டாம். விலையுயர்ந்த ஜக்கெற்றை மிரட்டிப் பறிப்பதும் நடக்கிறது, வகுப்பில் ஒளித்துவைத்துப் பகிடி பண்ணுவதும் நடக்கிறது. "உனக்கு ஒன்றும் ஆகேல்லையே?" என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். துணி தோலில் படுவதையே தாங்கமுடியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அது பிடிவாதம் இல்லை. அவர்களுக்கு லேபிளை வெட்டி, உள்ளே வழுவழுப்பான துணி உள்ளதாக எடுங்கள். குளிரில் விரல்கள் அடிக்கடி வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்தால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். குளிர்காலமோ கோடைகாலமோ நீளக்கையைக் கழற்றவே மறுக்கும் பிள்ளையிடம் உடுப்பைப் பற்றிப் பேசவேண்டாம், மெதுவாகப் பக்கத்தில் இருந்து மனதைப் பற்றிக் கேளுங்கள்.

விறைத்துப்போய் வந்தால் செய்யவேண்டியதையும் பிள்ளைக்கே சொல்லிக் கொடுங்கள். காதோ விரலோ வெளிறி உணர்வில்லாமல் இருந்தால் தேய்க்கக்கூடாது, ஹீற்றருக்கு நேரே பிடிக்கக்கூடாது. உணர்வில்லாத தோல் எரிந்தாலும் தெரியாது. 37 முதல் 39 பாகை வரை உள்ள இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைக்கவேண்டும். முழங்கையால் தொட்டுப் பார்த்தால் இதமாக இருக்கும் சூடு அது. தோல் மெழுகுபோல் கெட்டியாகவோ கொப்புளமாகவோ இருந்தால், உணர்வு திரும்பாவிட்டால், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். சந்தேகம் என்றால் ஒன்ராறியோவில் 811 ஐ அழைத்துத் தாதியோடு பேசலாம், எந்த நேரமும் இருப்பார்கள்.

குளிர்காலம் முடியும்போது

பங்குனியில் வெயில் கண்டவுடன் ஜக்கெற்றுகளைக் கட்டி உள்ளே வைத்துவிடாதீர்கள், சித்திரையிலும் இங்கே பனி கொட்டும். ஏப்ரல் கடைசியில் சிப்பைப் பூட்டி, பொக்கற்றுகளைக் காலிசெய்து தோயுங்கள். இறகுப் பஞ்சு என்றால் ட்ரையரில் குறைந்த சூட்டில் இரண்டு மூன்று டெனிஸ் பந்துகளோடு போட்டால் பஞ்சு கட்டிபிடிக்காது. நன்றாக உலர்ந்த பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையை முன்னால் நீட்டும்போது மணிக்கட்டு வெளியே தெரிந்தால் அடுத்த வருடத்துக்கு அது காணாது. அப்போதே சொந்தத்தில் உள்ள சின்னப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம், அந்தப் பிள்ளைக்கு அது விருப்பமா என்று கேட்டுவிட்டு.